அணைக்காத சிந்தசைஸர்

மகள் வீடு,
ஜூன் 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தூக்கம்தான் கிடைக்கவில்லை. மகள் எனக்கு மாடி அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். போனில் நான் பேசப் பேச நீ "ம்" கொட்டுகிறாய். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருடம் ஆகியும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பது கூடுதல் வசதி.

நான் கோபித்துக்கொண்டு வந்ததாக நீ நினைக்கக் கூடாது. பயந்துகொண்டு வந்தேன். அன்று நடந்ததை நீ "ஒரு சின்னப் புகை" என்கிறாய். நீ வந்து பார்த்தது மிச்சம் மட்டும்தான். கடைக்குப் போயிருந்த நீ தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தாய். நான் பின் அறையில், உன் பழைய சிந்தசைஸர் கீபோர்டு பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளே பட்டென்று ஒரு சத்தம். அப்புறம் பின்பக்கத் துளைகளிலிருந்து பழுப்பு நிறத்தில் புகை வந்தது. மீனும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். ப்ளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கியதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன். நீ உள்ளே வந்து, "அச்சச்சோ, மிஷினுக்கு என்ன ஆச்சு?" என்றாய். எனக்கு என்ன ஆச்சு என்று நீ கேட்டது மூன்றாவதாக. இரண்டாவதாக ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்டாய்.

உள்ளே மின்சாரம் நுழைகிற இடத்தில் இருந்த மின்தேக்கி வெடித்திருக்கிறது. நம் மகளை விட வயதில் மூத்த மின்தேக்கி அது. வெடிக்காமல் என்ன செய்யும்? அந்த மிஷினை நீ காலையில் போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைக்கிறாய். குளிர்ந்தால் சுருதி விலகிவிடுமாம். அணைக்கவே கூடாத ஒரு பொருளுக்குப் பெயர் வாத்தியமா, அடுப்பா?

உனக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பழைய மின்மாற்றி ஒன்று இருந்தது. நான் அதைப் போடும்போதெல்லாம் ஆய்வக உதவியாளர் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொள்வார். "நல்ல மிஷின்தான் சார், குறையே இல்ல. நான் இங்கயே நிக்கிறேனே" என்பார். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து நம் வீட்டில் அந்த உதவியாளர் நான்தான். ஆனால் எனக்கு நிற்க வாசல் இல்லை.

உனக்குப் புதிய சிந்தசைஸர் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவும் அனலாக்தான், உள்ளே அதே வகைச் சுற்றுகள். ஒரு பொத்தானை அழுத்தினால் தானே சுருதி சேர்த்துக்கொள்கிறது. வேலை முடிந்ததும் நிம்மதியாக அணைக்கலாம். பழையதை வாங்கிக்கொள்ள யாராவது வரிசையில் நிற்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அது படியிறங்கிப் போகிற அன்று நான் படியேறி வருகிறேன். இவ்வளவுதான் நான் கேட்பது.

மகள் கேட்கிறாள்: "அப்பா, நீங்க அம்மாவ விட்டுட்டு வந்தீங்களா, மிஷின விட்டுட்டு வந்தீங்களா?" அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீயாவது சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

உன்,
வாத்தியார்


வீடு,
ஜூன் 12

அன்புள்ள வாத்தியாருக்கு,

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்தது சந்தோஷம். இங்கே நானும் இதுவரை தீப்பிடிக்காமல் இருக்கிறேன்.

உங்கள் பெட்டி வந்துவிட்டது. கீழ்க்கடைத் தையல்காரர்தான் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். "என்னம்மா, சார் ஒரு பொட்டிக்குப் பயந்து ஓடினாரு, இப்ப இன்னொண்ண அனுப்பியிருக்காரு? வீட்டுப் பக்கமே வர்றதா உத்தேசம் இல்லையா?" என்றார். நான் காபி கொடுத்து வாயை அடைத்தேன்.

நேற்று ஸ்டூடியோ சவுண்ட் இன்ஜினியர் வந்து பழையதில் வெடித்துப்போன கண்டென்ஸரை மாற்றிக் கொடுத்தார். அது உங்கள் பாஷையில் மின்தேக்கி. பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நியாயமாகச் சொல்கிறேன், புதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொத்தானை அழுத்தினால் சமர்த்தாகச் சுருதி சேர்த்துக்கொள்கிறது. குமிழ்கள்தான் சட்டைப் பொத்தான் அளவு. நான் ஒன்றைத் திருப்பினால் பக்கத்தில் இருப்பவை இரண்டும் கூடவே வருகின்றன.

இன்ஜினியர் என்னைச் சுவரைப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்தார். "கீபோர்டம்மா, இப்ப வாசிக்கிறது எது, சொல்லுங்க பாப்போம்" என்று அதே கீழ்ஸ்தாயி பேஸ் வரியை இரண்டிலும் மாற்றி மாற்றி வாசித்தார். நான் சொன்னது தப்பு. மறுபடி சொன்னேன், மறுபடி தப்பு. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் என்று இப்போது எழுத மனசில்லை.

பழையது போகாது. நான் இந்த வீட்டில் போட்ட பின்னணி இசை அத்தனைக்கும் அடியில் அதுதான் இருக்கிறது. அதில் எதையும் சேமித்து வைக்க முடியாது. ஒவ்வொரு சத்தமும் எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கணக்கில் என் விரலில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு நான் புதிதாகக் கற்றுக்கொள்ளலாம்தான். உங்களை இப்போது போய் வேறு பாடம் நடத்தச் சொன்னால் நடத்துவீர்களா?

ஆனால் அதுவும் என்னைப் படுத்துகிறது, மறைக்கவில்லை. ஒரு வருடமாகச் சுருதி நிற்பதில்லை. வெளியே போய்விட்டு வந்து உட்கார்ந்தால் எல்லாம் விலகிக் கிடக்கிறது. சரி செய்கிறேன். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் விலகுகிறது. மூடியைக் கழற்றி ஒரு கையால் கீபோர்டுக் கட்டையை அழுத்திக்கொண்டு, மறு கையை உள்ளே விட்டுச் சின்னத் திருகுகளைத் திருப்ப வேண்டியிருக்கிறது. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அதைச் செய்ய முடியும். நீங்கள் பார்த்தால் கத்துவீர்கள் என்று நீங்கள் நடக்கப் போகிற நேரத்தில் செய்துகொண்டிருந்தேன்.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். கதவு பூட்டியில்லை.

இப்படிக்கு,
கீபோர்டம்மா


மகள் வீடு,
ஜூன் 17

என் அன்பே,

உன் கடிதத்தை வாசலிலேயே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். மகள் வந்து உள்ளே அழைத்துப் போனாள்.

மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் ஒரு கை, வெளியே ஒரு கை. எத்தனை வருடம் எத்தனை பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லியிருப்பேன், என் வீட்டில் ஓர் ஆளுக்குச் சொல்லாமல் விட்டேனே. மின்சாரம் ஒரு கையில் நுழைந்து மறு கை வழியாகப் போனால் நடுவில் இருப்பது உன் நெஞ்சு. வகுப்பில் இரண்டு பிள்ளைகளைக் கைகோத்து நிற்கச் சொல்லி, ஒருவன் தோளிலிருந்து இன்னொருவன் தோள் வரைக்கும் விரலால் கோடு போட்டுக் காட்டுவேன். விரல் நெஞ்சைத் தாண்டும்போது இருவரும் கையை விட்டுவிடுவார்கள். இப்போது கண்ணை மூடினால் அந்தக் கோடு உன்மேல் போகிறது.

கெஞ்சிக் கேட்கிறேன். திறந்துதான் ஆக வேண்டும் என்றால் கட்டைமேல் என் பேப்பர் வெயிட்டை வை, அது அழுத்திக்கொள்ளட்டும். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். ஒரு கை மட்டும் உள்ளே போகட்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

சுருதி நிற்காததைப் பற்றி எழுதியிருந்தாய். பழைய பொருள் அப்படித்தான் இருக்கும். அதை நோண்டிப் பிரயோஜனமில்லை. புதியதை வாசி என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே போன் மணி அடித்தால் எடுப்பதற்கு முன் என் கை வேர்த்துவிடுகிறது. நேற்று அடித்தது தவறான எண். "ராங் நம்பர்" என்று அந்த ஆள் சொன்னதும், "ரொம்ப நன்றிங்க" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க இவ்வளவு பயப்படுறீங்கன்னு அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

குளியலறையில் ஏன் கதவைச் சாத்திக்கொண்டாய்? அதை எழுது. நான் திட்ட மாட்டேன்.

உன்,
வாத்தியார்


வீடு,
ஜூன் 26

அன்புள்ள வாத்தியாருக்கு,

இந்தக் கடிதத்தை மகளிடம் காட்ட வேண்டாம்.

எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு, உங்களுக்கே தெரியும். பஸ் ஹாரன் அடித்தால் அது என்ன ஸ்வரம் என்று சொல்வேன். சுருதி சேர்க்க மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களைக் கண்டால் கிண்டல் செய்வேன். அந்தக் காது எனக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லாம் சரியாகக் கேட்கும். பிள்ளைகளுக்குக் கீபோர்டு வகுப்பெடுத்துவிட்டுத் திரும்பி வந்து கட்டையில் கை வைத்தால் ஒரு ஸ்வரமும் அதனதன் இடத்தில் இருக்காது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்ல நகரும். வாத்தியம் இப்படி நகராது என்றுதான் நான் நினைத்தேன். காலையிலிருந்து சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது, விளக்கு எரிகிறது, அது ஏன் நகர வேண்டும்? அப்படியென்றால் நகர்வது என் தலைக்குள். தெரு இரைச்சலோ, வயசோ, வேறு எதுவோ.

யாருக்கும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்துப் பீப் பீப் என்று சத்தம் கொடுத்தார்கள். "காது முத்து மாதிரி இருக்கும்மா" என்றார். "அப்ப சுருதி ஏன் டாக்டர் நகருது?" என்று கேட்டேன். "அதெல்லாம் காதுல இல்ல, இங்க" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். அவருக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கு வீடு வந்து சேர்கிற வழி தெரியவில்லை.

மீட்டரை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அது மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. எடுப்பேன், உடனே வைத்துவிடுவேன். மிஷின் சரியாகத்தான் இருக்கிறது என்று மீட்டர் காட்டிவிட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு என்ன தெரியும்? அதற்குப் பயந்துதான் மூடியைக் கழற்றித் திருகிக்கொண்டிருந்தேன். தப்பு மிஷினில் இருக்க வேண்டும் என்று ஒரு வேண்டுதல் மாதிரி. இன்ஜினியர் சுவரைப் பார்த்து உட்கார வைத்தபோது இரண்டு முறை தப்பாகச் சொன்னேன் அல்லவா, சரி, முடிந்தது என்றுதான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது எழுதப் போவதுதான் கஷ்டம்.

நீங்கள் போன பிறகு சரியாகிவிட்டது. மிஷின் ரிப்பேரான நாளிலிருந்து தினம் வெளியே போய் வருகிறேன். அதே பஸ், அதே இரைச்சல். திரும்பி வந்து வாசித்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. முதலில் கண்டென்ஸர் மாற்றியதால் என்று நினைத்தேன். அதற்கும் சுருதிக்கும் சம்பந்தமே இல்லை என்றார் இன்ஜினியர். யோசித்துப் பார்த்தேன். இது எப்போது ஆரம்பித்தது? நீங்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்க ஆரம்பித்ததும். எப்போது நின்றது? நீங்கள் போனதும்.

உங்கள் பயம் என்னைப் பிடித்துக்கொண்டு ஏதோ செய்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் வீட்டில் இருந்தால் உங்கள் மூச்சுக்கூட "அணை, அணை" என்று கேட்கிறது. அதில் என் காது குழம்பிப் போகிறதோ என்னவோ. எனக்கு விளக்கத் தெரியவில்லை.

அதனால் இப்போதைக்கு வர வேண்டாம். பழையதைக் கொடுத்தால் வருகிறேன் என்றீர்கள். கொடுத்தாலும் வர வேண்டாம் என்று நான் சொல்கிறேன். கோபமில்லை. எனக்கும் பயம்தான்.

உங்கள் மாத்திரை நீலப் பையில் இருக்கிறது. மறக்காதீர்கள்.

கீபோர்டம்மா


மகள் வீடு,
ஜூலை 1

என் அன்பே,

நீ எழுதியதைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். "அம்மா என்னப்பா எழுதியிருக்காங்க?" என்றாள் மகள். "எல்லாரும் சுகமாம்" என்றேன். வீட்டில் நீ ஒருத்திதான் இருக்கிறாய் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் காதுக்கு ஒன்றுமில்லை. இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. உனக்கு ஒரு பரிசோதனை தருகிறேன், தயவுசெய்து செய்து பார். மத்தியானம் வெளியே கிளம்பும்போது பழைய சிந்தசைஸரை அணைத்துவிட்டுப் போ. வழக்கமான நேரத்துக்குத் திரும்பி வா. வந்ததும் போட்டுவிட்டு உடனே வாசி. வாசிக்கும்போது மீட்டரைப் பக்கத்தில் வை. பயப்படாமல் வை. முள் எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது என்று பார். வாசிப்பதற்கு முன் மேல் மூடியில் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பார்.

உனக்கு என்ன தெரிகிறதோ அதை எனக்கு எழுது. பிறகு நான் எழுதுகிறேன்.

இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வாத்தியார்


வீடு,
ஜூலை 9

வாத்தியாருக்கு,

பரிசோதனை செய்தேன்.

முள் கீழே கிடந்தது. நான் கேட்டதும் அங்கேதான் கேட்டது. முள் மெல்ல ஏறியது, என் காதில் சுருதியும் கூடவே ஏறியது. கடைசி வரை இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை. நான் தரையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். ஒரு வருடம் என்னை மிரட்டிய அதே நகர்வு. வெறும் குளிர்ந்த மிஷின். மூடியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. இத்தனை நாளில் ஒருமுறை தொட்டிருந்தால் போதும். நான் எரிகிற விளக்கை நம்பினேன்.

கீழே போய்த் தையல்காரரிடம் கேட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா? நீங்க தெருமுனை திரும்புனா போதும், சார் என் தலைக்கு மேல தடதடன்னு பின் ரூமுக்கு ஓடுவாரு. தினம் ஓடுவாரு. என்ன சார் அவசரம்னு ஒருநாள் கேட்டேன். உடம்புக்கு நல்லதுன்னாரு."

நான் சிரித்துவிட்டேன். அதற்காக என்னை மன்னிக்கவே முடியவில்லை.

நான் போனதும் அணைத்துவிடுவீர்கள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்து, நான் வருவது தெரிந்ததும் போட்டுவிடுவீர்கள். போடும்போதுதான் பல்பு ஃபியூஸ் போகும் என்று மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே? இன்ஜினியரிடம் கேட்டேன். அந்த வயசான கண்டென்ஸரைத் தினம் அப்படி அணைத்து அணைத்துப் போட்டால் தாங்காமல் போயிருக்கலாம் என்றார். அன்று நீங்கள் அந்த அறையில் எதற்கு நின்றீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

பயந்து அணைத்ததற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தனியாக அதோடு இருக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சரி, சொல்லவில்லை. ஆனால் என் காது போய்விட்டது என்று எழுதிய பிறகும் நீங்கள் எனக்கு எழுதியது ஒரு பரிசோதனை. "நான்தான் அணைத்தேன்" என்று எழுத இரண்டு வார்த்தை போதும். அதற்குப் பதில் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தீர்கள்.

ஒன்றுதான் கேட்கிறேன். நான் தினம் உட்கார்ந்து சுருதியோடு போராடிக்கொண்டிருந்தபோது, அது ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இயற்பியல் வாத்தியாருக்குத் தெரியாமல் இருக்குமா என்று ஒரு மனசு. தெரிந்தால் சும்மா இருந்திருப்பாரா என்று இன்னொரு மனசு. எதுவானாலும் எழுதுங்கள்.

நானும் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டேன். கண்டென்ஸரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. சத்தம் மாறிவிடும் என்று பயந்து மின்சாரப் பகுதியை நான் யாரையும் தொட விட்டதில்லை. இன்ஜினியர் இப்போது அந்தப் பகுதி முழுவதையும் புதிதாக மாற்றிவிட்டார். வயர் புதுசு, எர்த் உண்டு, கோளாறு வந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் சுவிட்சும் வைத்திருக்கிறார். சத்தம் மாறவில்லை. மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன், மறுபடியும் தப்பாகத்தான் சொன்னேன். காது நன்றாக இருக்கிறது, இரண்டுக்கும் வித்தியாசம்தான் தெரியவில்லை! புதியது என்னோடு ஸ்டூடியோவுக்கு வருகிறது. பழையது வீட்டில் இருக்கும்.

பதினெட்டாம் தேதி காலையில் ரெக்கார்டிங்குக்குப் போகிறேன். வந்ததும் பழையதில் வாசிக்க வேண்டிய வேலை இருக்கிறது, அதனால் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். சாவி தையல்காரரிடம். நீங்கள் வரலாம். உங்களால் அணைக்காமல் இருக்க முடியவில்லை என்றால் அணைத்துவிடுங்கள், நான் சண்டை போட மாட்டேன். ஆனால் அணைத்ததை மறுபடி போட்டு வைக்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு, மகள் வீட்டுக்கே திரும்பிப் போய்விடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால், நான் வரும்போது நீங்களும் இருக்கலாம்.

மூடியைத் தொட்டுப் பார்ப்பேன்.


வீடு,
ஜூலை 18, மத்தியானம்

என் அன்பே,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம். உன் மேசைமேல் வைப்பேன். இப்போது பின் அறையில், மிஷினுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் உன் கேள்வி. ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. நீ வருவதற்குள் போட்டுவிட்டால் போதும் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் வெளியே போய் வந்த நீ, குமிழ்களைத் திருப்பித் திருப்பிச் சுருதி சேர்க்கத் திணறியதைப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அணைத்தேன். சுருதி தொல்லை கொடுத்தால் நீயே சலித்துப்போய் அதை விற்றுவிடுவாய் என்று காத்திருந்தேன். நீ மிஷினைத் திட்டுவாய் என்றுதான் நினைத்தேன். உன்னையே சந்தேகிப்பாய் என்பது என் கணக்கில் இல்லை. அது எனக்குச் சாதகமான பதிலாகாது, தெரியும்.

பரிசோதனை கொடுத்ததற்கும் காரணம் பயம்தான். நீயே கண்டுபிடித்தால் நான் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

இங்கே என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன். மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் வாசிக்காதபோதும் உள்ளே ஒரு சின்ன இரைச்சல் இருக்கிறது, அது உனக்குக் கேட்குமா? காது வைத்துக் கேட்டால் இல்லை, வேறு பக்கம் திரும்பினால் இருக்கிறது. வந்ததிலிருந்து சுவிட்ச் வரைக்கும் போய் வந்துகொண்டிருக்கிறேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. புதிய வயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருக்கிறது. இது சரியாக இருக்கிறது என்று என் படிப்பு சொல்கிறது. படிப்புக்கும் பயத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த வரிக்கும் மேலே உள்ள வரிக்கும் நடுவில் ஒன்று நடந்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கருகல் வாசனை வந்தது. நிஜமான வாசனை, பிரமை இல்லை. எழுந்தேன், விரல் சுவிட்ச்மேல் இருந்தது. அழுத்தினால் முடிந்தது. ஆனால் மிஷினுக்கு மேல் மூக்கை வைத்தால் வாசனை குறைவாக இருந்தது, ஜன்னல் பக்கம் அதிகமாக இருந்தது. விரலை எடுத்தேன். குளியலறையிலிருந்து வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். தையல்காரர் இஸ்திரிப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார்?"

"எரியுது!"

"ஒரு காலர் கருகிப்போச்சு சார், அதுக்கு வாளித் தண்ணியா? மொத்தக் கடையையும் நனைச்சிருப்பீங்களே!" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "மேல அணைச்சிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"தனியா ஓடிட்டிருக்கா?"

"ஆமா."

"பயமா இல்லையா சார்?"

"இருக்கு" என்றேன். யாரிடமும் இதை இவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை. கடையில் அளவு கொடுக்க நின்றிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரர் ஒன்றும் கேலி செய்யவில்லை. "அப்ப மேல போய் உக்காருங்க. ஏதாவதுன்னா காலால தரையைத் தட்டுங்க, வந்துடறேன்" என்றார்.

மேலே வந்துவிட்டேன். பயம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை. இன்றைக்குக் குறையும் என்று தோன்றவும் இல்லை. நாளைக்கும் நீ வெளியே போவாய், நாளைக்கும் இது இருக்கும். ஒருநாள் என்னால் முடியாமல் போகலாம். அப்போது அணைப்பேன், அணைத்துவிட்டு உனக்கு அப்போதே போன் செய்து, அணைத்துவிட்டேன் என்று சொல்வேன். நீ "ம்" என்றுகூடச் சொல்லிக்கொள்.

வெயில் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரமாக ஜன்னல் பக்கம் போகவில்லை. சீக்கிரம் வா என்று எழுதத்தான் கை போகிறது. ரெக்கார்டிங் இழுத்தால் இழுக்கட்டும். பாதியில் விட்டுவிட்டு வராதே. எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மெதுவாக வா.

உன்,
வாத்தியார்